போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் போர்ட் மூடியே இருக்கிறதா? தடை எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் விதியைப் போட்டாயிற்று, சேமித்தாயிற்று, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. ஆனாலும் கோப்புப் பகிர்வுச் செயலி 'போர்ட் மூடியிருக்கிறது' என்றே காட்டுகிறது (போர்ட் என்பது, வரும் இணைப்பு எந்தச் செயலிக்கு என்று காட்டும் எண்). புதிதாக முயல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். உடனே விதியை அழித்துவிட்டு மறுபடி எழுதுவார்கள், வேறு எண் போட்டுப் பார்ப்பார்கள், கடைசியில், வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலையே அணைத்துவிடுவார்கள்.

நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். இரண்டு இரவுகள் ஒரே விதியைத் திரும்பத் திரும்ப எழுதினேன். விதியில் பிழையே இல்லை. என் இணைப்புக்குத் தனியாக ஒரு பொது ஐபி முகவரியே (வெளியிலிருந்து என் இணைப்பை எட்ட உதவும் எண்) தரப்படவில்லை என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தச் சோதனையைத்தான் முதலில் வைத்திருக்கிறேன். விதியை எப்படி எழுதுவது என்பது நடுவில்தான் வரும்.

வெளியிலிருந்து ஒருவர் அனுப்பும் கோரிக்கை உங்கள் கோப்பை எட்டுவதற்குள் குறைந்தது ஐந்து இடங்களைத் தாண்ட வேண்டும்: இணைய சேவை நிறுவனத்தின் வலையமைப்பு, அந்த நிறுவனம் கொடுத்த பெட்டி, உங்கள் ரவுட்டர், கணினியின் ஃபயர்வால், கடைசியாகச் செயலி. இவற்றில் எது மறித்தாலும் திரையில் வருவது அதே ஒரு செய்திதான். ஆகவே எங்கே மறிக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியது பலன் தரவில்லை என்றால் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

ரவுட்டர் ஏன் மறிக்கிறது

இணைய முகவரிகளின் பழைய முறையான ஐபிவி4-ல் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான். உலக அளவில் பிரித்துக் கொடுப்பதற்கு இருந்த பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்காது. அதனால் வீட்டுக்கு ஒரே ஒரு பொது முகவரி, உள்ளே இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்று தொடங்கும் தனிப்பட்ட முகவரிகள். இரண்டுக்கும் நடுவே முகவரியை மாற்றிக் கொடுக்கும் வேலையை ரவுட்டர் செய்கிறது. இந்த முறைக்குப் பெயர் நாட்.

உள்ளேயிருந்து ஒரு கணினி இணையத்தில் எதையாவது கேட்டால், யார் கேட்டது, எந்தப் போர்ட் வழியாகக் கேட்டது என்று ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கணினியிடம் சேர்க்கும். ஆனால் வெளியில் இருப்பவர் தாமாகவே தொடங்கும் இணைப்புக்கு அட்டவணையில் எந்தக் குறிப்பும் இருக்காது. யாருக்கு என்று தெரியாததால் ரவுட்டர் அதைக் கைவிட்டுவிடும். 'இந்தப் போர்ட்டுக்கு வருவதெல்லாம் இந்தக் கணினிக்கு' என்று அந்த அட்டவணையில் நிரந்தரமாக ஒரு வரி எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

கோப்புகளைப் பயனர்களே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் டொரண்ட் செயலியில் போர்ட் மூடியிருந்தாலும் பதிவிறக்கம் நடக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். நடக்கும், ஏனென்றால் அங்கே இணைப்பைத் தொடங்குவது நீங்கள். ஆனால் மற்றவர் உங்களை நாடி வர முடியாது. போர்ட் மூடிய இருவர் ஒருவரையொருவர் நேராகத் தொடர்புகொள்வது பெரும்பாலும் நடக்காது. ஒரு பெரிய கோப்பை நீங்கள் மட்டுமே வைத்திருந்து அதைப் பிறருக்குக் கொடுக்க விரும்பினால், இந்தக் குறை அப்போதுதான் உறைக்கும். வீட்டிலேயே எஸ்எஃப்டிபி (பாதுகாப்பாகக் கோப்பு அனுப்பும் முறை) சர்வர் வைத்திருப்பவருக்கோ போர்ட் திறக்காவிட்டால் வெளியிலிருந்து எதுவுமே நடக்காது.

முதல் சோதனை: இரண்டு முகவரிகளை ஒப்பிடுங்கள்

கணினியில் விபிஎன் (போக்குவரத்தை இன்னொரு சர்வர் வழியாகத் திருப்பும் சேவை) ஓடினால் முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரி இருக்கும். இரண்டும் திறக்கவில்லையா? விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்தால் 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் சரியான முகவரி தெரியும். உள்ளே போனதும் 'ஸ்டேட்டஸ்', 'வேன்' (WAN) அல்லது 'இன்டர்நெட்' என்ற பகுதியைத் தேடுங்கள். அங்கே ஓர் ஐபி முகவரி இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதே வீட்டு இணைப்பிலிருந்து, 'என் ஐபி முகவரி என்ன' என்று காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே தெரியும் ஐபிவி4 முகவரியும் ரவுட்டரில் எழுதிக்கொண்ட முகவரியும் ஒன்றாக இருந்தால் நல்லது. அடுத்த சோதனைக்குப் போகலாம். வேறாக இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு நாட் இருக்கிறது. நீங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும், கோரிக்கை உங்கள் ரவுட்டர் வரைக்கும் வந்து சேரப்போவதில்லை.

ரவுட்டரில் தெரியும் முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். இணைய சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. இதை சிஜிநாட் (CGNAT) என்பார்கள். இதற்கென்றே அந்த முகவரித் தொகுதி 2012-ல் ஒதுக்கப்பட்டது. முகவரி 10 என்றோ, 192.168 என்றோ, 172.16 முதல் 172.31 வரையோ தொடங்கினால் இரண்டில் ஒன்று: வீட்டிலேயே இரண்டு ரவுட்டர்கள் அடுத்தடுத்து இருக்கலாம், அல்லது நிறுவனம் இந்த முகவரிகளையே வைத்து சிஜிநாட் செய்யலாம். எது என்று தெரிந்துகொள்ள வீட்டில் உள்ள பெட்டிகளை எண்ணுவதே எளிய வழி. சுவரிலிருந்து வரும் கம்பி முதலில் ஒரு பெட்டியில் நுழைந்து, அதிலிருந்து இன்னொரு கம்பி உங்கள் ரவுட்டருக்குப் போகிறது, முதல் பெட்டியும் வைஃபை தருகிறது என்றால், இரட்டை நாட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரட்டை நாட் வீட்டுக்குள்ளேயே தீர்க்கக்கூடியது. நான் பரிந்துரைப்பது, நீங்கள் வாங்கிய இரண்டாவது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுவது. அது வைஃபை மட்டும் தரும். முகவரி மாற்றும் வேலை முதல் பெட்டியில் மட்டும் நடக்கும். விதியையும் அங்கேயே எழுதலாம். உங்கள் ரவுட்டரின் வசதிகள்தான் உங்களுக்குத் தேவை என்றால், முதல் பெட்டியை, முகவரி மாற்றாமல் அப்படியே கடத்திவிடும் 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். இரண்டும் முடியாதபோது, முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதற்கும் இரண்டாவதிலிருந்து கணினிக்குமாக இரண்டு விதிகள் எழுதலாம். வேலை செய்யும். ஆனால் பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் இரண்டு இடத்திலும் தேட வேண்டியிருக்கும்.

சிஜிநாட் என்றால் உங்கள் கையில் எதுவும் இல்லை. நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் விதம் முக்கியம். 'போர்ட் திறந்து கொடுங்கள்' என்று கேட்டால், ரவுட்டரில் விதி போடுவது எப்படி என்று விளக்கி அழைப்பை முடித்துவிடுவார்கள். 'என் இணைப்பு சிஜிநாட்டில் இருக்கிறது, எனக்குப் பொது ஐபிவி4 முகவரி வேண்டும்' என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள். நிலையான முகவரிதான் வேண்டும் என்பதில்லை. அவ்வப்போது மாறும் பொது முகவரியும் போதும். அதுவும் தர மறுத்தால் என்ன வழி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது சோதனை: செயலி உண்மையில் காத்திருக்கிறதா

போர்ட் என்பது தானாகத் திறந்திருக்கும் கதவு அல்ல. அந்த எண்ணில் ஒரு செயலி காத்துக்கொண்டிருந்தால்தான் அது 'திறந்த' போர்ட். செயலியை மூடிவிட்டுச் சோதித்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் 'மூடியிருக்கிறது' என்றே வரும். உதவி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

செயலியின் அமைப்புகளில் இணைப்பு பற்றிய பகுதிக்குப் போய் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். டிரான்ஸ்மிஷன் என்ற டொரண்ட் செயலிக்கு இயல்பாக 51413, கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சின்க்திங்குக்கு 22000, எஸ்எஃப்டிபிக்கு 22. டொரண்ட் செயலிகளில் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் வேறு எண்ணை எடுத்துக்கொள்ளும் ஒரு தேர்வு இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இன்று எழுதிய விதி நாளைக்குப் பொருந்தாது.

எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் 49152 முதல் 65535 வரை ஏதாவது ஒன்றை எடுங்கள். 1024-க்குக் கீழே உள்ளவை இணையப் பக்கம், மின்னஞ்சல் போன்ற சேவைகளுக்கு உரியவை. அவற்றில் சிலவற்றை இணைய சேவை நிறுவனங்கள் தடுத்து வைப்பதுண்டு. டொரண்ட்டுக்குத் தொடக்கத்தில் வழக்கமாக இருந்த 6881 முதல் 6889 வரையான எண்களையும் தவிர்ப்பது நல்லது. தடுக்க நினைப்பவர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

இப்போது விண்டோஸில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறங்கள். அதில் 'நெட்வொர்க்' தாவலில், கீழே 'லிசனிங் போர்ட்ஸ்' என்ற பட்டியல் இருக்கும். உங்கள் செயலியின் பெயரும் போர்ட் எண்ணும் அதில் இருக்கின்றனவா? இல்லையென்றால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம், செயலியைச் சரிசெய்யுங்கள். இருந்தால், பக்கத்தில் உள்ள முகவரியையும் கவனியுங்கள். அங்கே 'ஐபிவி4 லூப்பேக்' (அதாவது 127.0.0.1) என்று இருந்தால், அந்தச் செயலி அதே கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். வீட்டில் உள்ள மற்றக் கருவிக்குக்கூடப் பதில் சொல்லாது. செயலியின் அமைப்பில் அதை 0.0.0.0 அல்லது 'எல்லா முகவரிகளும்' என்று மாற்ற வேண்டும். லினக்ஸில் இதே விவரத்தை எஸ்எஸ் (ss) என்ற கட்டளை காட்டும்.

மூன்றாவது சோதனை: வீட்டுக்குள்ளிருந்தே இணைத்துப் பாருங்கள்

ரவுட்டரைத் தாண்டாமல், அதே வைஃபையில் உள்ள இன்னொரு கருவியிலிருந்து கணினியின் உள் முகவரிக்கு, எடுத்துக்காட்டாக 192.168.1.50 என்பதற்கு, அந்தப் போர்ட்டில் இணைத்துப் பாருங்கள். போனில் போர்ட் சோதிக்கும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. வீட்டுக்குள்ளேயே இணைய முடியவில்லை என்றால் வெளியிலிருந்து ஒருநாளும் முடியாது. இந்த ஒரு சோதனையே தேடுதலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

செயலி காத்திருக்கிறது, ஆனாலும் வீட்டுக்குள்ளிருந்து இணையவில்லை என்றால், பெரும்பாலும் கணினியின் ஃபயர்வால்தான் காரணம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. செயலியை முதன்முதலில் திறந்தபோது, இதை அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் ஒரு சிறு பெட்டியைக் காட்டியிருக்கும். அவசரத்தில் 'கேன்சல்' அழுத்தியிருந்தால், விண்டோஸ் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு ஒரு தடை விதியையே எழுதி வைத்திருக்கும். தடை விதியும் அனுமதி விதியும் சேர்ந்து இருந்தால் தடைதான் வெல்லும். பிறகு நீங்கள் எத்தனை அனுமதி விதிகள் சேர்த்தாலும் பயனில்லை. 'விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால்' மேம்பட்ட அமைப்பில் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பட்டியலைத் திறந்து, உங்கள் செயலியின் பெயரில் சிவப்புக் குறியோடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை நீக்கிவிட்டு அனுமதி விதியைச் சேருங்கள்.

அதே இடத்தில், உங்கள் வீட்டு வலையமைப்பை விண்டோஸ் 'பப்ளிக்' என்று வைத்திருக்கிறதா 'பிரைவேட்' என்று வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதி 'பிரைவேட்'டுக்கு மட்டும் தரப்பட்டு, வலையமைப்பு 'பப்ளிக்' என்று இருந்தால் இணைப்பு மறிக்கப்படும். தனியாக வாங்கிய ஆண்டிவைரஸ் இருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கக்கூடும். அங்கேயும் தேட வேண்டும். ஃபயர்வால்தானா என்று உறுதிசெய்ய ஒரே ஒரு நிமிடம் அதை அணைத்துச் சோதிக்கலாம். சோதித்த கையோடு மறுபடி போட்டுவிடுங்கள். அணைத்த நிலையிலேயே விட்டுவிடுவது தீர்வு ஆகாது.

முகவரி நிலையாக இருக்கட்டும்

வீட்டுக்குள் எல்லாம் சரி என்றால் இப்போது ரவுட்டருக்கு வரலாம். விதி ஒரு குறிப்பிட்ட உள் முகவரியைக் காட்டும். ஆனால் கணினிகளுக்கு ரவுட்டர் தரும் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். நேற்று 192.168.1.50 உங்கள் கணினி. இன்று அதே எண் தொலைக்காட்சியிடம் இருக்கலாம். விதி தன் வேலையைச் சரியாகச் செய்து, கோரிக்கையைத் தொலைக்காட்சிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதற்கு ரவுட்டரில், உள் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி (DHCP) பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற வசதி இருக்கிறது. கணினியின் மேக் முகவரியை (அதன் வலையமைப்பு வன்பொருளின் அடையாள எண்) கொடுத்து ஓர் ஐபியை அதற்கென்றே ஒதுக்கி வைக்கலாம். கணினியிலேயே நிலையான ஐபியை எழுதி வைப்பதைவிட இதுவே நல்லது. அங்கே எழுதினால் அதே எண்ணை ரவுட்டர் வேறொரு கருவிக்கும் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரு கணினியின் வைஃபைக்கும் கம்பி இணைப்புக்கும் வேறு வேறு மேக் முகவரிகள்; ஆகவே வேறு வேறு ஐபிகள். வைஃபைக்கு ஒதுக்கிவிட்டுக் கம்பியைச் செருகினால் விதி பொருந்தாது. இன்னொன்று, இப்போதைய போன்களும் சில கணினிகளும் தனியுரிமைக்காகத் தங்கள் மேக் முகவரியை மறைத்துத் தற்காலிகமான ஒன்றைக் காட்டுகின்றன. அந்தக் கருவியில், வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

விதியை எழுதும் இடம்

ரவுட்டருக்கு ரவுட்டர் பெயர் மாறும். சிலவற்றில் 'போர்ட் ஃபார்வர்டிங்', சிலவற்றில் 'விர்ச்சுவல் சர்வர்', சிலவற்றில் நாட் என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். 'போர்ட் ட்ரிகரிங்' என்பது வேறு. அதைத் தொட வேண்டாம்.

வெளிப் போர்ட், உள் போர்ட் இரண்டிலும் செயலியில் உள்ள அதே எண்ணைப் போடுங்கள். உள் முகவரி, நீங்கள் ஒதுக்கிய ஐபி. நெறிமுறையில், தரவை அனுப்பும் இரு முறைகளான டிசிபி, யுடிபி இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். டொரண்ட்டும் சின்க்திங்கும் இரண்டையும் பயன்படுத்தக்கூடியவை. எஸ்எஃப்டிபிக்கு டிசிபி மட்டும் போதும். 'சோர்ஸ் ஐபி' அல்லது 'ரிமோட் ஹோஸ்ட்' என்று ஒரு கட்டம் இருந்தால் வெறுமையாக விடுங்கள். அதில் தங்கள் பொது முகவரியை எழுதிவிடுகிறவர்கள் உண்டு; அப்படி எழுதினால் அந்த முகவரியிலிருந்து வருவதை மட்டும்தான் ரவுட்டர் உள்ளே விடும். 'சோர்ஸ் போர்ட்' என்ற கட்டத்துக்கும் இதே பதில்தான். இணைய இடைமுகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ரவுட்டர்களில், முதல் சோதனையில் நீங்கள் பார்த்த முகவரி எந்த இடைமுகத்தில் இருந்ததோ அதையே தேர்ந்தெடுங்கள். தொலைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் தனி இடைமுகங்கள் அந்தப் பட்டியலில் கலந்து கிடக்கும்.

அதே எண்ணை ரவுட்டர் ஏற்கெனவே வேறு கருவிக்குக் கொடுத்திருக்கிறதா என்பதை யுபிஎன்பி பட்டியலில் பாருங்கள். யுபிஎன்பி என்பது செயலியே ரவுட்டரிடம் கேட்டு விதியைப் போட்டுக்கொள்ளும் முறை. அது இயங்கும் வீட்டில் கையால் விதி எழுதத் தேவையே இல்லாமல் போகலாம். ஆனால் வீட்டில் உள்ள எந்தக் கருவியும், அதில் புகுந்த தீய மென்பொருளும்கூட, உங்களைக் கேட்காமல் போர்ட் திறக்க அது இடம் கொடுக்கிறது. நான் அதை அணைத்துவிட்டு விதியைக் கையால்தான் எழுதுகிறேன்.

வெளியிலிருந்து சோதிப்பது

இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே தங்கள் பொது முகவரிக்கு இணைத்துப் பார்ப்பார்கள், இணையாது, விதி தவறு என்று முடிவுகட்டுவார்கள். உள்ளேயிருந்து கிளம்பி, பொது முகவரியைத் தொட்டு, மறுபடி உள்ளேயே திரும்புவதை எல்லா ரவுட்டர்களும் அனுமதிப்பதில்லை. நாட் லூப்பேக் என்ற வசதி இருந்தால்தான் அது நடக்கும். ஆகவே சோதனை வெளியிலிருந்துதான் நடக்க வேண்டும். போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் இருந்து முயலுங்கள். அல்லது போர்ட் சோதிக்கும் இணையதளத்தைப் பயன்படுத்துங்கள்.

சோதனையில் வரும் பதிலைக் கவனமாகப் படியுங்கள். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்பதும் 'நேரம் கடந்துவிட்டது' என்பதும் ஒன்றல்ல. மறுக்கப்பட்டது என்றால், கோரிக்கை ஏதோ ஒரு கருவியை எட்டி, 'இங்கே யாரும் காத்திருக்கவில்லை' என்ற பதில் திரும்பி வந்திருக்கிறது. செயலி ஓடவில்லை, அல்லது விதி வேறு கருவியைக் காட்டுகிறது, அல்லது ரவுட்டரே பதில் சொல்கிறது என்று தேடலாம். நேரம் கடந்துவிட்டது என்றால், வழியில் யாரோ சத்தமில்லாமல் கைவிட்டிருக்கிறார்கள்: சிஜிநாட், நிறுவனத்தின் தடை, ரவுட்டர், ஃபயர்வால் ஆகியவற்றில் ஒன்று. பெரும்பாலான சோதனைத் தளங்கள் டிசிபியை மட்டுமே பார்க்கின்றன. யுடிபியில் கைகுலுக்கல் போன்ற தொடக்கம் இல்லாததால், பதில் வரவில்லை என்பதை வைத்து அது மூடியிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இன்னும் புரியவில்லை என்றால் கணினிக்கு வந்துபோகும் தரவையெல்லாம் வரிவரியாகக் காட்டும் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை நிறுவி, வடிகட்டியில் உங்கள் போர்ட் எண்ணைக் கொடுத்து ஓட விடுங்கள். வெளியிலிருந்து சோதனையை மறுபடி நடத்துங்கள். திரையில் ஒரு வரி வந்தால் கோரிக்கை கணினி வரை வந்துவிட்டது; குற்றம் ஃபயர்வாலிலோ செயலியிலோ. எதுவும் வராவிட்டால் ரவுட்டரிலோ அதற்கு மேலேயோ. இவ்வளவு உறுதியான விடையை எனக்குத் தெரிந்து வேறு எதுவும் தருவதில்லை. புதியவர்கள் அந்த மென்பொருளின் தோற்றத்தைப் பார்த்து மிரள வேண்டாம். வரி வருகிறதா இல்லையா என்பது மட்டுமே நமக்குத் தேவை.

கணினியில் விபிஎன் ஓடுகிறதா என்பதையும் மறுபடி பாருங்கள். ஓடினால் செயலியின் போக்குவரத்து விபிஎன் வழியாகப் போகும்; உலகத்துக்குத் தெரியும் முகவரி அந்தச் சேவையுடையது. வீட்டு ரவுட்டரில் எழுதிய விதிக்கு அங்கே வேலை இல்லை.

எஃப்டிபியும் 445-ம்

எஃப்டிபி, கோப்புகளை அனுப்புவதற்காக 1971-ல் பிறந்த நெறிமுறை. நாட் என்ற ஒன்று வருவதற்கு வெகு காலம் முன்பு. அது பேச்சுக்கு ஒரு போர்ட், கோப்புக்கு வேறொரு போர்ட் என்று இரண்டைப் பயன்படுத்தும். 21-ஐ மட்டும் திறந்தால் கடவுச்சொல் வரை எல்லாம் சரியாக நடக்கும். கோப்புப் பட்டியல் வரும்போது அப்படியே நின்றுவிடும். சர்வர் அமைப்பில் பாசிவ் முறைக்கு (கோப்புக்கான இணைப்பையும் வெளியில் இருப்பவரே தொடங்கும் முறை) ஒரு சிறிய போர்ட் வரிசையைக் குறிப்பிட்டு, அதே வரிசையை ரவுட்டரிலும் திறந்து, சர்வரிடம் பொது முகவரியையும் சொல்லி வைக்க வேண்டும். இதற்குப் பதிலாக எஸ்எஃப்டிபிக்கு மாறிவிடுங்கள் என்றே சொல்வேன். ஒரே போர்ட், அனுப்புவதெல்லாம் மறைகுறியாக்கத்தோடு. எஃப்டிபியோ தன் பழைய வடிவத்தில் கடவுச்சொல்லைக்கூட அப்படியே வெளிப்படையாக அனுப்பும்.

விண்டோஸின் கோப்புறைப் பகிர்வு 445 என்ற போர்ட்டில் நடக்கிறது. அதை ரவுட்டரில் ஒருபோதும் திறக்காதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை தாக்குதல் நுழைந்த வழி அதுதான். வெளியிலிருந்து அந்தக் கோப்புறை வேண்டுமானால், முதலில் விபிஎன் வழியாக வீட்டு வலையமைப்புக்குள் வந்து, பிறகு திறக்க வேண்டும்.

'டிஎம்இசட்' என்று ரவுட்டரில் இருக்கும் வசதி, எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே கணினிக்குத் திருப்பிவிடும். விதியில் பிழையா என்று அறிய இரண்டு நிமிடம் போட்டுப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வயர்ஷார்க் இருக்கும்போது அதற்குத் தேவை இல்லை.

பொது முகவரி கிடைக்கவே இல்லை என்றால்

சிஜிநாட்டிலிருந்து விடுபட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. உங்கள் இணைப்பில் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் முகவரிப் பஞ்சம் இல்லை; ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பொது முகவரி. ஃபார்வர்டிங் செய்ய வேண்டியதில்லை. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்தக் கணினியின் அந்தப் போர்ட்டுக்கு அனுமதி கொடுத்தால் போதும். எதிர்முனையில் இருப்பவருக்கும் ஐபிவி6 இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

தெரிந்த சிலரோடு மட்டும் கோப்புகளைப் பகிர வேண்டுமென்றால் போர்ட் திறக்கத் தேவையே இல்லை. சின்க்திங், நேரடி இணைப்பு அமையாதபோது இடைநிலைச் சர்வர்கள் வழியாக அனுப்பும். வேகம் குறையும், ஆனால் நடக்கும். டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இரு பக்கமும் உள்ளேயிருந்து தொடங்கி நடுவில் சந்திக்க வைக்கின்றன. ரவுட்டரில் கை வைக்காமலே வீட்டுக் கணினியை எட்டலாம். குடும்பப் படங்களைப் பகிர்வதற்காக மட்டும் போர்ட் திறக்க நினைப்பவரிடம் நான் இதையே முதலில் முயலச் சொல்வேன்.

ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால்

பழைய விதியைக் கலைக்காமல், முதல் சோதனையிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு பொது முகவரி மாறியிருக்கலாம். அப்படி மாறும் இணைப்பில் டைனமிக் டிஎன்எஸ் வைத்துக்கொண்டால் முகவரிக்குப் பதில் ஒரு பெயரைக் கொடுத்துவிடலாம், பெயர் புது முகவரியைப் பின்தொடரும். நிறுவனம் உங்களைச் சத்தமில்லாமல் சிஜிநாட்டுக்கு மாற்றியிருக்கலாம். ரவுட்டரின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபோது விதிகள் அழிந்திருக்கலாம். விண்டோஸ் புதுப்பித்தலுக்குப் பிறகு வலையமைப்பு 'பப்ளிக்' ஆகியிருக்கலாம்.

யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால், ரவுட்டரின் மாடல், அதில் தெரியும் வேன் முகவரியின் முதல் இரண்டு எண்கள், வெளித்தளம் காட்டும் முகவரியோடு அது பொருந்துகிறதா, வீட்டுக்குள்ளிருந்து இணைகிறதா, வெளியிலிருந்து மறுக்கப்படுகிறதா நேரம் கடக்கிறதா என்பவற்றை எழுதுங்கள். முழுப் பொது முகவரியையும் திறந்த போர்ட் எண்ணையும் சேர்த்து எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடாதீர்கள். பகிர்வு முடிந்துவிட்டால் ரவுட்டருக்குள் போய் அந்த விதியை நீக்கிவிடுங்கள். மறுபடி எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது.